கூண்டின் விரிப்பும் வீட்டாரின் கடமையும்

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

மஸ்அலா கேட்டு வருகிறவர்களில் பலர் கேள்வியின் ஒரு பாதியைத்தான் கொண்டு வருவார்கள். மறு பாதியைத் தூண்டிக் கேட்டு அறிந்துகொண்டு பதில் சொல்வது ஆலிமின் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் இந்த எளியவன் தவறிய ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிட்டு, பிறகு பாடத்துக்கு வருகிறேன்.

கீழக்கரையைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தார் சென்னையில் அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கிறார்கள். அவ்வீட்டுப் பத்து வயதுப் பையனுக்கு அவன் மாமா ஒரு சின்சில்லா வாங்கிக் கொடுத்திருந்தார். பெரிய காதும், அணில் வால் போன்ற வாலும், வெள்ளி கலந்த சாம்பல் நிற ரோமமும் கொண்ட சிறு பிராணி அது. ஒரு நாள் இரவு விருந்துக்குப் போயிருந்தபோது, உள்ளறையிலிருந்து பையனின் உம்மம்மா கேட்டார்கள்: "ஹஜ்ரத், நாங்க எல்லாரும் கூடத்துலதான் தொழுவுறோம். இந்தப் பிராணி ராத்திரியெல்லாம் புழுக்கையும் மரத்தூளுமா வெளியே இறைக்குது. இதோட மூத்திரம் நஜீஸ்தானே?"

"ஆமாம், நஜீஸ்தான். தொழும் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, மஸ்அலா முடிந்ததாக எண்ணி எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாளே கூண்டு கூடத்திலிருந்து அகற்றப்பட்டு, சமையலறையை ஒட்டித் தகரக்கூரை போட்ட ஒடுங்கிய பால்கனியில் வைக்கப்பட்டிருக்கிறது. அது சித்திரை மாதம். நான்காம் நாள் அந்தப் பிராணி இறந்துவிட்டது. வெப்பம் தாங்காமல்தான் இறந்தது என்று கால்நடை மருத்துவர் கூறினாராம். கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். கண்ணில் படாத இடத்துக்குப் போனதும் கூண்டைச் சுத்தம் செய்வதையும் எல்லோரும் மறந்திருக்கிறார்கள். அடியில் விரித்திருந்த மரச்சீவல் மூத்திரத்தில் ஊறிக் கூழாகக் கிடந்தது. பையன் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டான்: "நஜீஸ்னு நீங்கதானே சொன்னீங்க, ஹஜ்ரத்?"

நான் சொன்ன சட்டத்தில் பிழையில்லை. ஆனால் அது பாதிச் சட்டம். மறு பாதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். சின்சில்லா இல்லாவிட்டாலும் முயல், கினிப்பன்றி, வெள்ளெலி போன்றவற்றைக் கூண்டில் வளர்க்கும் வீடுகள் நம்மில் பல உண்டு. சட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

பிராணியைக் கூண்டில் வளர்க்கலாமா?

ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறு பிள்ளையாக இருந்தபோது ஒரு சிறு குருவியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். நபி (ஸல்) அவர்கள் அவ்வீட்டுக்கு வருகை தரும்போது அக்குருவியைப் பற்றி அன்போடு விசாரிப்பார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உள்ளது. நபியவர்கள் அதைத் தடுக்காததிலிருந்து, பிராணியை வீட்டில் வைத்து வளர்ப்பது கூடும் என்று இமாம்கள் சட்டம் எடுத்தார்கள். ஷாபிஈ மத்ஹபைச் சார்ந்த இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் இந்த ஒரு ஹதீஸிலிருந்து மட்டும் அறுபது பயன்களை எடுத்துத் தனி நூலாகவே எழுதினார்கள் என்றால், இதில் எவ்வளவு பாடம் இருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆனால் இந்த அனுமதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானே இரை தேடிக்கொள்ள அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண் வேதனைக்கு ஆளானதை இதே இரண்டு கிரந்தங்களும் அறிவிக்கின்றன. அடைத்து வைக்கப்பட்ட பிராணி தன் தேவையைத் தானே தேடிக்கொள்ள முடியாது. ஆகவே அதன் தேவை முழுவதும் அடைத்தவர் மீது சாட்டப்படுகிறது. தேவை என்றதும் நமக்குத் தீனியும் தண்ணீரும்தான் நினைவுக்கு வருகின்றன. அது படுக்கும் தரையும், மூச்சு விடும் காற்றும் அவற்றைப் போன்ற தேவைகளே. காட்டிலிருக்கும் பிராணி தான் அசுத்தம் செய்த இடத்தை விட்டு நகர்ந்து போய்விடும். கூண்டுப் பிராணியோ, நாம் மாற்றிக் கொடுக்கும் வரை அதன் மேலேயே படுத்து உறங்க வேண்டும்.

இது எத்தகைய பிராணி?

சின்சில்லாவின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. குளிர்ந்த, வறண்ட பாறைச் சரிவுகளில் கூட்டமாக வாழ்வது அதன் இயல்பு. அதன் ரோமத்தின் அடர்த்தி வியப்புக்குரியது. ஒரே வேர்க்குழியிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட மெல்லிய முடிகள் கிளம்புகின்றன. இந்த ரோமத்துக்காகவே அதை மனிதன் வேட்டையாடித் தீர்த்தான். 1910-ஆம் ஆண்டில் சிலி, பெரு, பொலிவியா, அர்ஜென்டினா ஆகிய நாடுகள் கூடி வேட்டையைத் தடுக்க உடன்பாடு செய்யும் அளவுக்கு அதன் இனம் குறைந்து போயிற்று. 1923-ல் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் பதினொரு சின்சில்லாக்களைச் சிலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டு சென்றார். இன்று அமெரிக்க வீடுகளில் வளர்பவற்றில் மிகப் பெரும்பாலானவை அவற்றின் வழி வந்தவை என்பர். காட்டில் எஞ்சியிருப்பவை இன்றும் அழியும் நிலையில் உள்ள இனங்களாகவே கணக்கிடப்படுகின்றன. அவற்றைக் காப்பதற்காகவே சிலி நாட்டில் 1983-ல் ஒரு காப்பகம் அமைக்கப்பட்டது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த வறண்ட மலைக்காகப் படைக்கப்பட்ட இப்பிராணிக்கு இரண்டு விஷயங்கள் ஆகா. ஒன்று வெப்பம், மற்றொன்று ஈரம்.

பதினைந்து முதல் இருபத்தொரு டிகிரி சென்டிகிரேடு வரை அதற்கு இதமானது. இருபத்தேழைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. உடல் வெப்பத்தை வெளியேற்ற அதற்கு வியர்வையும் இல்லை, அடர்ந்த ரோமம் விடுவதும் இல்லை. நம் ஊர்க் கோடையில் குளிர்சாதனம் இல்லாத அறையில் அது பிழைப்பது அரிது. அந்தச் செலவைத் தாங்க முடியாதவர்கள், மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு இல்லாதவர்கள், பிள்ளை ஆசைப்படுகிறான் என்பதற்காக இதை வாங்கவே கூடாது. வாங்காமல் விட்டால் குற்றமில்லை. வாங்கிக் கொல்வதே குற்றம்.

ஈரமும் அப்படியே. நனைந்தால் அந்த அடர்ந்த ரோமம் எளிதில் உலராது. உள்ளே ஈரம் தங்கிப் படர்தாமரை போன்ற பூஞ்சை நோய் பற்றும். அது தொடும் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். எனவே இதைத் தண்ணீரில் குளிப்பாட்டலாகாது. இதற்கென்றே விற்கும் நுண்ணிய எரிமலைத் தூளை ஒரு கிண்ணத்தில் வைத்தால், அதில் புரண்டு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அன்று விருந்தின்போது அந்தப் பையன், "ஹஜ்ரத், இது தயம்மும் செய்யுதா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தான். வாரம் இரண்டு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். கூண்டிலேயே விட்டு வைத்தால் அதையும் மூத்திரத் தட்டாக்கிவிடும். கடற்கரை மணல், ஆற்று மணல் இதற்கு உதவாது.

தண்ணீரில் கழுவ முடியாத பிராணி ஈர விரிப்பில் படுத்தால் என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவேதான் இதன் விரிப்பை உலர்ந்ததாக வைத்திருப்பது வெறும் அழகுக்காகச் செய்யும் காரியமன்று.

சுத்தம் பற்றிய மஸாயில்கள்

இனி நம் தொழுகையைப் பற்றிய சட்டங்களுக்கு வருவோம். அன்று நான் விரித்துச் சொல்லத் தவறியவை இவை.

1. நாய், பன்றி ஆகிய இரண்டையும் அவற்றின் வழி வந்தவற்றையும் தவிர, உயிருள்ள பிராணிகளின் உடல் சுத்தமானது என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். சின்சில்லாவையோ முயலையோ தொட்டுத் தூக்கினால் உளூ முறியாது. ஹனபி மத்ஹபிலும் தொடுவதால் உளூ முறிவதில்லை.

2. அதன் மூத்திரமும் புழுக்கையும் நஜீஸ். ஷாபிஈ மத்ஹபில், உண்ணத்தக்க பிராணியானாலும் உண்ணத்தகாத பிராணியானாலும் இதுவே சட்டம். ஹனபி மத்ஹபில் கனமான நஜீஸ், இலேசான நஜீஸ் என்று பிரித்துப் பேசுவார்கள். எப்படியாயினும் ஆடையிலும் தொழும் இடத்திலும் பட்டதைக் கழுவிக்கொள்வதே பேணுதலான வழி.

3. நஜீஸ் கையில் பட்டதால் உளூ முறிந்துவிட்டது என்று பல பெண்கள் எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் புதிதாக உளூச் செய்து சிரமப்படுகிறார்கள். பட்ட இடத்தை மட்டும் கழுவினால் போதும். உளூ அப்படியே இருக்கிறது.

4. உலர்ந்த நஜீஸ் உலர்ந்த பொருள்மீது பட்டால் அது நஜீஸாகாது. சின்சில்லாவின் புழுக்கை பொதுவாகக் காய்ந்து கெட்டியாக இருக்கும். அது காய்ந்த பாயில் விழுந்தால் எடுத்துப் போட்டுவிட்டுத் தொழலாம். பாயோ கையோ ஈரமாக இருந்தால் கழுவ வேண்டும்.

5. தொழுகைக்கு உடல், உடை, இடம் மூன்றும் சுத்தமாயிருப்பது நிபந்தனை. இடம் என்பது தொழுகிறவரின் உடலும் உடையும் படுகின்ற இடம். கூண்டு அதே அறையின் மூலையில் இருப்பதால் தொழுகை கெடுவதில்லை. முஸல்லா சுத்தமாக இருந்தால் போதும். கூண்டு கிப்லாத் திசையில் நேர் எதிரே இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் மனமும் சிதறாது.

6. உதிர்ந்த ரோமம் ஹனபி மத்ஹபில் சுத்தமானது. ஷாபிஈ மத்ஹபில், உண்ணத்தகாத பிராணியின் உடலிலிருந்து பிரிந்த ரோமம் நஜீஸ். ஆயினும் சிறிதளவு மன்னிக்கப்படும். இப்பிராணியின் இறைச்சியைப் பற்றிய பேச்சு நமக்கு இங்கே வேண்டாம். பேணுதலுக்காகத் தொழுமுன் உடையைத் தட்டி உதறிக்கொள்வது நல்லது.

ஐந்தாவது மஸ்அலாவை மட்டும் அன்று சொல்லியிருந்தால் அந்தக் கூண்டு கூடத்திலேயே இருந்திருக்கும்.

நிற்க. மஸ்ஜிதுன் நபவியில் ஒரு நாட்டுப்புற அரபி சிறுநீர் கழித்த செய்தி எல்லோரும் அறிந்ததே. தோழர்கள் கோபங்கொண்டு அவரைத் தடுக்க எழுந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவர்களை நிறுத்தினார்கள். அவர் கழித்து முடிக்கும் வரை விட்டுவிடச் செய்தார்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வரச்செய்து அவ்விடத்தில் ஊற்றச் சொன்னார்கள். இடத்தின் சுத்தமும் பேணப்பட்டது. அந்த மனிதரும் நோகடிக்கப்படவில்லை. அவர் அறிவுள்ள மனிதர். அறியாத வாயில்லாப் பிராணியின் விஷயத்தில் நாம் இன்னும் எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும்! நஜீஸை அகற்றுங்கள் என்பதே மார்க்கத்தின் கட்டளை. பிராணியை அகற்றிவிட்டு நஜீஸை அதனிடமே விட்டுவிடுவது அந்தக் கட்டளையை நிறைவேற்றியதாகாது.

எதை விரிப்பது?

விரிப்பு ஈரத்தை உறிஞ்ச வேண்டும், தூசி கிளப்பக்கூடாது, கடித்து விழுங்கினாலும் கெடுதல் செய்யக்கூடாது. இப்பிராணியின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையும் கடித்துப் பார்க்கும் என்பதை மறக்கக்கூடாது.

சூளையில் காய வைத்த பைன் மரச்சீவல், ஆஸ்பென் மரச்சீவல், காகிதத்தாலான விரிப்பு ஆகியவை ஏற்றவை. இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பலாம். சிடார் மரச்சீவல் வேண்டாம். அதன் மணம் நமக்கு இனிமையாக இருந்தாலும், அந்த மணத்தைத் தரும் எண்ணெய்ச் சத்து சிறு பிராணிகளின் மூச்சுக்கும் ஈரலுக்கும் கெடுதல். தச்சுப் பட்டறையில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அள்ளி வருவதும் தவறு. அதில் எந்த மரம் கலந்திருக்கிறது, பிளைவுட் பசையும் வார்னிஷும் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்பது யாருக்கும் தெரியாது. மாவு போன்ற மரத்தூள் மூக்கில் ஏறும். ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மணல் வயிற்றுக்குள் போனால் அங்கேயும் கட்டியாகும்.

சிலர் வேலை மிச்சம் என்று வெறும் கம்பிவலைத் தரையே போதும் என்கிறார்கள். புழுக்கை கீழே விழுந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் இரவும் பகலும் கம்பியில் நிற்கும் பாதம் புண்ணாகும். கம்பித்தரைக் கூண்டாயிருந்தால், படுக்கவும் உட்காரவும் பலகையாவது போட்டுக் கொடுக்க வேண்டும்.

'பிளீஸ்' என்று கடைகளில் சொல்லும் மென்மையான செயற்கை நூல் துணியையும் விரிக்கலாம். அது தானாக ஈரத்தை உறிஞ்சாது. ஆகவே அடியில் பழைய துவாலை போன்ற உறிஞ்சும் துணி ஒன்று வேண்டும். ஓரங்களை மடித்துத் தைக்க வேண்டும். பிரிந்த நூல் விரலில் சுற்றினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். விழுங்கினால் குடலை அடைக்கும்.

அன்றாடமும் வாரமும் மாதமும்

இப்பிராணி பெரும்பாலும் ஒரே மூலையில்தான் மூத்திரம் பெய்யும். அந்த மூலையில் சீவல் நிரப்பிய ஒரு தட்டை வைத்துவிட்டால் வேலை பாதியாகக் குறையும். புழுக்கையை மட்டும் கட்டுப்படுத்த முடியாது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் போடும்.

தினந்தோறும், ஈரமான சீவலை அள்ளி எடுத்துவிட்டுப் புதிய சீவல் போட வேண்டும். பலகைகளில் கிடக்கும் புழுக்கையைச் சிறு தூரிகையால் கூட்ட வேண்டும். அசுத்தம் பட்ட உலர்புல்லை நீக்க வேண்டும். தண்ணீர்ப் புட்டி ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். விரிப்பு நனைவதற்கு மூத்திரத்தைவிட ஒழுகும் புட்டியே பல வீடுகளில் காரணம். பத்து நிமிட வேலைதான். பிராணி இரவில் விழித்திருந்து பகலில் உறங்குவதாகையால், இவ்வேலையை மாலையில் வைத்துக்கொண்டால் அதன் உறக்கமும் கெடாது. அஸருக்குப் பிறகு என்று ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

வாரம் ஒரு முறை விரிப்பு முழுவதையும் மாற்ற வேண்டும். மழைக்காலத்திலும், ஒன்றுக்கு மேற்பட்ட பிராணிகள் இருக்கும் கூண்டிலும் அதற்கு முன்பே மாற்ற நேரும்.

மாற்ற வேண்டிய வேளையை எப்படி அறிவது? மூத்திரம் தேங்கினால் கிருமிகள் அதைச் சிதைத்து அமோனியா என்னும் காரமான வாயுவை உண்டாக்குகின்றன. நம் மூக்கு தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. அன்றியும் ஒரே வாடையை நாள்தோறும் முகர்ந்தால் மூக்குப் பழகிவிடும். ஆகவே நின்றுகொண்டு வாடை இல்லை என்று சொல்வது சாட்சியாகாது. வெளியே போய்விட்டு வந்ததும், குனிந்து, கூண்டின் தரை உயரத்துக்கு முகத்தைக் கொண்டு போய் முகர்ந்து பாருங்கள். அங்கேதான் அந்தப் பிராணி இருபத்து நான்கு மணி நேரமும் மூச்சு விடுகிறது. உங்கள் கண் கரித்தால், அதன் நெஞ்சு முன்பே புண்பட்டிருக்கும்.

மாதம் ஒரு முறை பிராணியை வேறொரு பத்திரமான இடத்தில் விட்டுவிட்டுக் கூண்டையே கழுவ வேண்டும். தட்டில் வெள்ளையாகப் படிந்திருக்கும் மூத்திர உப்பு வெறும் தண்ணீரில் போகாது. வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து ஊற்றிச் சிறிது நேரம் ஊற விட்டுத் தேய்த்தால் கரைந்துவிடும். இங்கே ஒரு மஸ்அலா உண்டு. ஹனபி மத்ஹபில் வினிகர் போன்ற சுத்தமான திரவங்களாலும் நஜீஸ் நீங்கும். ஷாபிஈ மத்ஹபில் தண்ணீர் ஒன்றே சுத்தமாக்கும். ஆகவே இறுதியில் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவினால் இரு மத்ஹபின்படியும் சுத்தமாகும். வினிகரின் நெடியும் பிராணிக்கு மிஞ்சாது.

பினாயில் போட வேண்டாம். அதன் நெடி நமக்குச் சுத்தத்தின் அடையாளம். சிறு பிராணிக்கு அது நஞ்சு. பிளீச்சிங் திரவத்தை மூத்திரம் படிந்த தட்டில் ஊற்றுவது இன்னும் ஆபத்து. அமோனியாவும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். கழுவுகிற பெண்மணிக்கே மூச்சுத் திணறும். கழுவிய கூண்டு முற்றும் உலர்ந்த பிறகே பிராணியை உள்ளே விட வேண்டும்.

விரிப்பைக் கூட்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்வதும், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் பிள்ளைகளுக்குக் கட்டாயமாகப் பழக்க வேண்டியவை. கூண்டுப் பொருள்களைச் சமையல் பாத்திரம் கழுவும் தொட்டியில் கழுவலாகாது.

சுத்தம் செய்கிறவர் விரிப்பைப் பார்த்தே பிராணியின் நலத்தையும் அறிந்துகொள்ளலாம். புழுக்கை சிறுத்துப் போவதும், இளகிப் போவதும் நோயின் அடையாளம். அரை நாளாகப் புழுக்கையே விழவில்லை என்றால் குடல் நின்றுபோனதாகக் கருதி உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். தினமும் கூட்டுகிறவருக்கே இது தெரியும்.

துணி விரிப்பைக் கழுவும் முறை

நம் பெண்களிடம் பரவலாகக் காணப்படும் பிழை ஒன்று உண்டு. மூத்திரத் துணியை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, அலசிப் பிழிந்து உலர்த்திவிடுவார்கள். ஷாபிஈ மத்ஹபின்படி, இரண்டு குல்லத்துக்குக் குறைந்த தண்ணீரில் நஜீஸ் விழுந்தால் அந்தத் தண்ணீரே நஜீஸாகிவிடும். நஜீஸான தண்ணீரில் அலசிய துணி எப்படிச் சுத்தமாகும்?

முறை யாதெனில்: முதலில் துணியை உதறிப் புழுக்கையையும் ரோமத்தையும் நீக்கவேண்டும். பிறகு குழாயடியில் பிடித்து, தண்ணீர் துணியின் மேல் ஓடி வெளியேறும்படி, நஜீஸின் சுவடு போகும் வரை கழுவ வேண்டும். முயன்று கழுவிய பிறகும் நிறமோ வாடையோ ஒன்று மட்டும் போகாமல் நின்றால் அது மன்னிக்கப்படும். ஹனபி மத்ஹபில், கண்ணுக்குத் தெரியாத நஜீஸை மூன்று முறை கழுவி, ஒவ்வொரு முறையும் பிழிய வேண்டும். குழாயடியில் இவ்வாறு மூன்று முறை கழுவிப் பிழிந்தால் எல்லோருக்கும் போதுமானதாகிவிடும். சலவை இயந்திரம் இருக்கிறவர்கள் குழாயடியில் கழுவிய பிறகே அதில் போடட்டும். தொழும் உடைகளோடு சேர்த்துப் போடாமல் தனியாகப் போடுவது மனத்துக்கு நிம்மதி. வாசனைத் திரவங்கள் சேர்க்க வேண்டாம்.

ஓட்டுத் தரையில் மூத்திரம் பட்டால், முதலில் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு தண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டும். ஈரத்துணியால் வெறுமனே இழுத்துவிட்டால் நஜீஸ் அகலாது, பரவத்தான் செய்யும்.

கழிவும் அண்டை வீட்டாரும்

அள்ளிய சீவலைச் சாக்கடையில் கொட்டினால் அடைத்துக்கொள்ளும். பால்கனியிலிருந்து உதறினால் கீழ்வீட்டார் காயப்போட்ட துணியில் விழும். நம் வீட்டைச் சுத்தமாக்கிப் பிறர் வீட்டை நஜீஸாக்குவது சுத்தமல்ல. அது அண்டை வீட்டாரின் உரிமையைப் பறிப்பதாகும். உறையிலிட்டுக் கட்டிக் குப்பையில் சேர்க்கலாம். தோட்டமுள்ளவர்கள் குழியிலிட்டு மட்கச் செய்தால் செடிக்கு எருவாகும்.

பெற்றோர்களுக்கு

பிள்ளை கேட்டான் என்று பிராணியை வாங்கிக் கொடுக்கிறோம். பத்து நாள் ஆசையாகப் பார்த்துக்கொள்வான்; பிறகு விளையாட்டு மாறும். சின்சில்லா பத்துப் பதினைந்து ஆண்டுகள், சில வேளை அதற்கும் மேல் உயிர் வாழும். பத்து வயதில் வாங்கிய பையன் கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்போதும் அது கூண்டில் இருக்கும். அன்றும் அதன் விரிப்பை யாரேனும் மாற்றியாக வேண்டும். பிள்ளை மறந்தால் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. அது பெற்றோர் மீது வந்து நிற்கும். வாங்கும் நாளிலேயே இதைப் பேசி முடிவு செய்யுங்கள்.

அந்த வீட்டார் மறுபடி சின்சில்லா வாங்கவில்லை. பழைய கூண்டைக் கழுவி வெயிலில் காயவைத்து, அதில் பையன் இப்போது ஒரு முயல் வளர்க்கிறான். கூண்டு கூடத்தின் மூலையில், மின்விசிறிக் காற்றுபடும் இடத்தில் இருக்கிறது. அதற்கு எட்டடி தள்ளி உம்மம்மா முஸல்லா விரித்துத் தொழுகிறார்கள். அஸர் முடிந்ததும் பையன் சீவல் மாற்றுகிறான். அவன் மறந்துபோகும் நாளில், "தம்பி, முயலுக்குப் பாய் மாத்தினியா?" என்று முதலில் கேட்பது உம்மம்மாதானாம்.

நம் தொழுகைக்குரிய சுத்தத்தையும், நம் பொறுப்பில் அடைபட்ட உயிர்களுக்குரிய இரக்கத்தையும் ஒருங்கே பேணி நடக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! அறியாமல் செய்த பிழைகளை மன்னிப்பானாக! ஆமீன்.